குரல் இருந்த இடம்

மூன்றாவது குரல் ஒலித்தபோது திரையில் ஓரிடம் எரிந்தது.

முதல் குரல் சுடலைமணியின் அம்மாவுடையது. இரண்டாவது அவன் மனைவி ஜெயக்கொடியுடையது. இரண்டுக்கும் மூளைப் படத்தில் மெல்லிய மஞ்சள் படர்ந்து அடங்கியது. மூன்றாவது கரகரப்பான ஆண்குரல். சளி பிடித்ததுபோல் இருக்கும். அது ஆங்கில எழுத்து ஒன்றைச் சொன்னது, நிறுத்தியது, அடுத்ததைச் சொன்னது. இடது காதுக்குப் பின்புறம், புளியங்கொட்டை அளவு இடம் சிவப்பாகி நின்றது.

"இது யாரு?" என்று டாக்டர் நஸ்ரின் கேட்டார்.

"கிளமெண்ட் அண்ணாச்சி" என்றான் சுடலைமணி. தலையில் மாட்டிய கவசத்துடன் அவனால் திரும்ப முடியவில்லை. "யார்டுல டேலி கிளார்க். கன்டெய்னர் நம்பர் சொல்லுவாரு."

ஜெயக்கொடி திரையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இருவது வருசமா நான் பேசினதெல்லாம் எங்க போச்சாம்?"

"அது வேற இடத்துல பத்திரமா இருக்கும்மா" என்றார் டாக்டர். "இவ்வளவு செவப்பா இல்ல. அவ்வளவுதான்."

சுடலைமணி தூத்துக்குடியில் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுபவன். வயது நாற்பத்தாறு. வாசிக்க வராது. பார்வையில் குறையில்லை, புத்தியிலும் குறையில்லை. எழுத்தைப் பார்த்தால் அது நிற்காது. பக்கத்தில் இருப்பவன் சத்தமாகப் படித்ததை மனதில் வாங்கி ஒப்பித்தே எட்டாம் வகுப்பு வரை போனான். கிரேன் வேலைக்கு வாய்மொழியாகத்தான் கேள்வி கேட்டார்கள். மேலே ஏறிவிட்டால் எழுத்து இல்லை. எழுத்து கீழே நிற்பவரின் பாடு.

கீழே நின்றவர் கிளமெண்ட்.

ஒவ்வொரு கன்டெய்னர் மேலும் நான்கு எழுத்து, ஏழு எண் இருக்கும். கீழே இருப்பவர் கடைசி நான்கு எண்ணை மட்டும் வாக்கிடாக்கியில் சொன்னால் போதும். மேலே இருப்பவன் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தூக்க வேண்டும். யார்டில் எல்லோரும் அப்படித்தான். கிளமெண்ட் மட்டும் பதினொன்றையும் சொல்வார். ஒவ்வொன்றாக. இரண்டு தடவை. சுடலைமணி இரண்டு தடவையும் திருப்பிச் சொல்வான். "ஜெபமாலை தொடங்கியாச்சு" என்று மற்ற கிரேன்காரர்கள் வாக்கியில் கேலி செய்வார்கள். நேரம் போகிறது என்று மேலாளர் இரண்டு முறை எழுதிக் கொடுத்து எச்சரித்தார். கிளமெண்ட் கடிதத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு ஜெபமாலையைத் தொடர்ந்தார்.

காரணம் சுடலைமணிக்குத் தெரியும். அல்லது தெரியும் என்று பதினெட்டு வருடமாக நினைத்திருந்தான்.

சேர்ந்த முதல் மாதம் கிளமெண்டும் நான்கு எண்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பெட்டி பாதி உயரம் ஏறியபோது வாக்கியில் அவர் குரல் வந்தது. "இறக்கிரு மணி. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்." சுடலைமணி இறக்கினான். மாற்றியது தன் தலைதான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து அது அப்படித்தான். இவர் கண்டுபிடித்துவிட்டார், பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று உட்கார்ந்த இடத்திலேயே வியர்த்துப்போனான். மறுநாள் காலை ஜெபமாலை ஆரம்பித்தது. பிறகு அந்த இருவரும் ஒரு பெட்டிகூடத் தவறாகத் தூக்கியதில்லை.

அவன் அவருக்கு நன்றி சொன்னதில்லை. நன்றி சொன்னால் எதற்கு என்றும் சொல்ல வேண்டிவரும். நேரில் பார்த்துக்கொள்வதும் அபூர்வம். அவன் விடியுமுன் மேலே ஏறுவான். சாப்பாடு கயிற்றில் வரும். அவன் இறங்கும்போது அவர் அலுவலகத்தில் தாள்களோடு இருப்பார். கிளமெண்ட் என்றால் அவனுக்கு ஒரு குரலும், மேலிருந்து பார்த்த ஒரு மஞ்சள் ஹெல்மெட்டும்தான்.

இப்போது யார்டில் வாக்கியை எடுத்துவிட்டார்கள். எண்கள் கிரேன் அறைக்குள் திரையில் வரும். ஓட்டுபவன் வாசித்து, பெட்டியின் மேல் எழுதியிருப்பதோடு ஒப்பிட்டு, பொத்தானை அழுத்த வேண்டும். டேலி கிளார்க் வேலை ஒழிந்தது. புது முறைக்குத் தகுதியா என்று யார்டில் எல்லோருக்கும் மூளைப் பரிசோதனை நடந்தது. பதினெட்டு வருடம் மறைத்ததைக் கவசம் நாலு நிமிடத்தில் சொல்லிவிட்டது.

டாக்டர் கவசத்தைக் கழற்றிவிட்டு அவனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். இதற்குப் பெயர் டிஸ்லெக்சியா என்றார். நூறு பேர் போகிற தெருவில் நாலைந்து பேருக்காவது இருக்கும், பெரியவர்களானதும் மறைக்கக் கற்றுக்கொள்வார்கள், அவ்வளவுதான் என்றார். படத்தில் இடது பக்கம் ஒரு நார்க்கற்றையைக் காட்டினார். பார்க்கிற எழுத்தைக் கேட்கிற ஒலியோடு சேர்ப்பது அது. அவனுக்குப் பிறவியிலேயே மெலிந்திருந்தது. வலது பக்கம் அதே கற்றை மற்றவர்களைவிடத் தடிமன்.

"அதனாலதான் யார்டு முழுக்க உங்க தலைக்குள்ள இருக்கு. எந்த அடுக்குல எது இருக்குன்னு பார்க்காமலே சொல்றீங்களாமே."

"சொல்லுவேன்."

"இப்ப இந்த செவப்பு இடம். இது எழுத்தை அடையாளம் கண்டுக்கிற இடம். வாசிக்கிற எல்லாருக்கும் இங்கதான் எழுத்து குடியிருக்கும். உங்களுக்கு எழுத்து வரல. ஆனா இடம் சும்மா கிடக்காதே. எழுத்து எழுத்தா ஒரு குரல் தினமும் வந்துச்சு. அது குடியேறிடுச்சு."

சிகிச்சைக்கு இளக்கல் என்று பெயர். ஆறு வாரம் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து மருந்து கொடுத்து அந்த இடத்தைச் சின்னக் குழந்தையின் மூளைபோல் இளக்குவார்கள். மெலிந்த கற்றைக்கு மின்தூண்டல் தருவார்கள். கூடவே எழுத்துப் பயிற்சி. ஆறு வாரத்தில் தட்டுத்தடுமாறி வாசிக்கலாம். ஒரு வருடத்தில் பேப்பர் படிக்கலாம்.

"அந்தக் குரல்?" என்று கேட்டான்.

"எழுத்து வந்து உட்காரும்போது அது எழுந்துக்கும்." டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "அவர் பேசினா வார்த்தை புரியும். ஆளைத்தான் தெரியாது. யாரோ பேசுற மாதிரி இருக்கும். மறுபடி பழகலாம்னு உறுதி சொல்ல மாட்டேன். மத்த குரல்ல எதுவும் போகாது. எடுக்கலேன்னா நீங்க நீங்களாத்தான் இருப்பீங்க. ஆனா கிரேன்ல இருக்க முடியாது."

யோசிக்க யார்டு பத்து நாள் கொடுத்திருந்தது.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜெயக்கொடி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வாகைக்குளம் தாண்டியதும் அவன் பக்கம் திரும்பினாள்.

"காதுகுத்து பத்திரிகைய நெனச்சுக்கிடுங்க" என்றாள்.

அவன் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். மகள் காதுகுத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது அச்சகத்தில் மாதிரியைக் கையில் கொடுத்து, சரிபார்த்துச் சொல்லுங்க என்றார்கள். ஜெயக்கொடி அன்றைக்குக் கூட வரவில்லை. வாசிக்கிறவன் எவ்வளவு நேரம் பார்ப்பானோ அவ்வளவு நேரம் பார்த்தான். மனதுக்குள் முப்பது வரை எண்ணினான். சரி என்று தலையாட்டினான். இருநூறு பத்திரிகை அடித்து வந்தது. தாய்மாமன் பெயர் அதில் இல்லை. மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டிய மாமன், அவள் கூடப்பிறந்த ஒரே அண்ணன், அந்த விசேஷத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு ஏழு வருடமாக வரவில்லை. அச்சகத்தின் தவறு என்று வீட்டில் சொன்னார்கள். அச்சகத்தில் மாதிரியைக் காட்டினோம் என்றார்கள். வேண்டுமென்றே விட்டதாக ஊர் முடிவு செய்தது. வாசிக்கத் தெரியாது என்று சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். அந்த ஒரு நிமிடம் அவனிடம் இல்லை.

"எனக்குப் படிக்கணும்" என்றான்.

"படிங்க. நான் சொல்லலியே வேண்டாம்னு."

"அந்த மனுசன் இல்லன்னா நான் மொத வருசமே இறங்கியிருப்பேன். அவர் குரலைக் குடுத்து எழுத்து வாங்குனா நல்லாவா இருக்கு."

ஜெயக்கொடி கொஞ்சம் யோசித்தாள். "அவருகிட்டயே கேளுங்க" என்றாள். "அவரு பொருள்தான அது."

பத்தாம் நாள் காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று போன் செய்தான். கிளமெண்ட் வேலை போன மறுவாரமே மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தான். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது. சுடலைமணி எல்லாவற்றையும் சொன்னான். வாசிக்க வராது என்பதை ஜெயக்கொடிக்கும் டாக்டருக்கும் அப்பால் ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஒங்களுக்கு அது தெரியும்லா அண்ணாச்சி. தெரிஞ்சுதான அவ்வளவு நிதானமா சொன்னிய. நான் ஒரு நாளும் வாயத் திறந்து..."

"இப்ப எதுக்குல அதெல்லாம்" என்றார் கிளமெண்ட். குரல் வழக்கத்தைவிடக் கரகரத்தது. "அந்த டாக்டரம்மா சரின்னு சொல்லுதாங்கள்லா? அப்ப எடுத்துக்க."

"ஒங்க குரல் போயிரும்."

"எனக்கா போவுது? நான் இங்க நாள் முழுக்கக் கத்திக்கிட்டுத்தான் இருக்கேன். போ. உள்ள போ."

சுடலைமணி போனை வைக்கவில்லை. அவரும் வைக்கவில்லை. ஐஸ் உடைந்துகொண்டே இருந்தது.

மருந்து கசக்கவில்லை. தலை வலிக்கவுமில்லை. முதல் வாரம் கனவு நிறைய வந்தது. இரண்டாம் வாரம் எழுத்துகள் ஆடுவது குறைந்தது. மூன்றாம் வாரம் ஒருநாள் சிகிச்சை அறைக்குப் போகும் வழியில் சுவரில் ஒன்று அவனைப் பார்த்துப் பேசியது. நின்று, பின்னால் நடந்து வந்து, மறுபடி பார்த்தான். எச்சில் துப்பாதீர். யாரும் அவனுக்குச் சொல்லாமல், யாரும் அருகில் இல்லாமல், அது தானே சொன்னது. சுடலைமணி சுவரில் கை வைத்துக்கொண்டு சிரித்தான். அழுகையும் வந்தது. அவ்வழியே போன நர்ஸ், துப்ப வருதா என்று கேட்டாள்.

நாற்பத்தாறு வருடமாக எல்லோருக்கும் எல்லாமும் இப்படிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. பஸ், மருந்துச் சீட்டு, கடைப்பலகை, கல்லறை. அவன் பெரிய சப்தத்துக்குள் வந்து சேர்ந்தான். அது அவனுக்குப் பிடித்திருந்தது. மனைவியைத் தொந்தரவு செய்யாமல் சோப்பு உறையைக்கூடப் படித்தான்.

ஐந்தாம் வாரம் பழைய காதுகுத்து அழைப்பிதழைக் கொண்டுவரச் சொல்லி, பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தை விரல் வைத்துக் கண்டுபிடித்தான். அன்று மாலையே மைத்துனர் பால்வண்ணத்துக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னான்.

"இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா மாப்ள" என்றார் பால்வண்ணம். "ஏழு வருசமா என் தங்கச்சி வீட்டுக் கறிச்சோறு போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். மருமகளுக்கு ஒரு ஜோடி தோடும் கொண்டுவந்திருந்தார்.

வீடு திரும்பிய மறுநாள் போன் அடித்தது. திரையில் பெயர் வரவில்லை. எண் மட்டும் வந்தது. ஒரு ஆண்குரல் எப்படி இருக்கிறாய் என்றது. நன்றாக இருக்கிறேன் என்றான். வேலைக்கு எப்போது என்றது. திங்கட்கிழமை என்றான். யார்டு ஆபீஸ் ஆள் என்று நினைத்தான். மரியாதையாக, "சொல்லுங்க சார், யாரு பேசுறது?" என்று கேட்டான்.

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டது.

"கிளமெண்டு" என்றது அந்தக் குரல். "வேற போன்ல இருந்து பேசுதேன்."

ரயில் நிலையத்தில் வண்டி நேரம் சொல்பவர் குரல்போல் இருந்தது. சொன்னது புரிந்தது. சொன்னவர் அதில் இல்லை. தனக்கு முன்பே தெரிந்திருந்த ஒன்று இவ்வளவு வெறுமையாக இருக்கும் என்று சுடலைமணி நினைக்கவில்லை. மன்னிச்சிருங்க அண்ணாச்சி என்றான். அந்தக் குரல் சிரித்தது. சரியாத்தான் வேல பாத்திருக்காங்க டாக்டரம்மா என்றது.

கிரேன் அறையில் திரையை வாசித்தான். பெட்டியை வாசித்தான். பொத்தானை அழுத்தினான். ஒரு வாரம் ஒரு தவறும் இல்லை. யார்டில் பேச்சுச் சத்தமே இல்லை. எட்டாம் நாள் விடுமுறை. காலை ஆறு மணிக்கு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனான்.

ஏலக்கூடத்தில் மூன்று பேர் மூன்று மீன் குவியலுக்கு முன்னால் நின்று கூவிக்கொண்டிருந்தார்கள். சீலா ஒரு பக்கம், நகரை ஒரு பக்கம், சூரை ஒரு பக்கம். மூன்றும் உரத்த குரல்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்த்தான். எதுவும் யாருடையதாகவும் இல்லை. கண்ணைத் திறந்து முகங்களைப் பார்த்தான். சூரைக்கு முன்னால் நின்றவர் உயரம். நெற்றியில் ஹெல்மெட் பட்டை பதித்த தழும்பு இன்னும் இருந்தது. அவர்தான் என்று யூகித்து நின்றான். ஏலம் முடிந்ததும் அவர் நேராக அவனிடம் வந்தார்.

வெளியே ஒரு இட்லிக் கடை இருந்தது. எதிரெதிராக உட்கார்ந்தார்கள். பதினெட்டு வருடத்தில் இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்ததில்லை. அவருக்குப் புருவத்தில் நரை, கீழ்ப்பல் ஒன்று இல்லை, கேட்கும்போது தலையை இடப்பக்கம் சாய்க்கிறார். சுடலைமணி ஒவ்வொன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டான்.

போனில் முடிக்காத நன்றியை அவன் மறுபடி எடுத்தான். கிளமெண்ட் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் ஒனக்காகச் சொல்லல மணி."

அவனுக்கு விளங்கவில்லை.

"யார்டுல எல்லாருக்கும்தான கவசம் மாட்டுனாங்க. எனக்கும் மாட்டுனாங்க." இட்லியைப் பிட்டார், தின்னவில்லை. "ஒனக்கு இருக்கது எனக்கும் இருக்கு. கொஞ்சம் கம்மி. நான் வாசிப்பேன். ஆனா மாறிப் போவும். மொத மாசம் அந்தப் பெட்டிய மாத்திச் சொன்னேன்ல, அது நான்தான். அன்னைக்கே ஒன்கிட்ட சொன்னேனே."

"நான்தான் மாத்திட்டேன்னு நெனச்சேன்."

"அதான் போன்ல சொன்ன. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு." அவர் சிரித்தார். "அன்னைக்கு ராத்திரி தூங்கல. கெமிக்கல் பெட்டியா இருந்தா என்னாவும்? மறுநாள்ல இருந்து ஒவ்வொண்ணாச் சொன்னேன். நீ திருப்பிச் சொல்லுவ. நீ சொல்லும்போதுதான் தாள்ல எழுத்து நிக்கும். மாறியிருந்தா அப்பத்தான் தெரியும். ரெண்டாவது தடவ திருத்திக்கிடுவேன். நீ ஒரு நாளும் சலிச்சுக்கிடல. இந்தப் பயலுக்கு வெவரம் தெரியும், தெரிஞ்சுக்கிட்டே காட்டிக் குடுக்காம இருக்கான்னு நானும் பதினெட்டு வருசமா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

கடைக்காரர் வந்து சாம்பார் ஊற்றிவிட்டுப் போனார். இருவரும் அவர் போகும்வரை இலையைப் பார்த்தார்கள்.

"அப்ப ஒங்களுக்கும் இளக்கல் எடுக்கச் சொல்லியிருப்பாங்களே" என்றான் சுடலைமணி.

"சொன்னாங்க. எடுத்தா ஸ்கிரீன் ரூம்ல வேலன்னாங்க. அந்த இடத்துல எனக்கு என்ன இருக்குன்னும் காட்டுனாங்க." கிளமெண்ட் அவனைப் பார்க்காமல் சொன்னார். "ஒன் குரல்தான்."

சுடலைமணி கையிலிருந்த இட்லியை இலையில் வைத்தான்.

"நான் வேண்டாம்னுட்டேன். இங்கன எழுத்தே இல்ல, வாய்தான. அதுக்கப்பறம் நீ போன் பண்ணின. நீ எடுக்கப் போறேன்னு சொன்னதும், நல்லவேளைன்னு நெனச்சேன்." தலையை இடப்பக்கம் சாய்த்தார். "ரெண்டு பேருல ஒருத்தனாவது வச்சிருக்கணும்லா."

சுடலைமணிக்கு நன்றி என்ற சொல் வாய்வரை வந்தது. அது போதாது என்று தெரிந்தது. தண்ணீர் குடித்தான்.

"ஏதாவது பேசுல" என்றார் கிளமெண்ட். "ரெண்டு மாசமா ஒழுங்காக் கேக்கல."

என்ன பேசுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. எதிர்ச் சுவரில் கரும்பலகை தொங்கியது. சாக்பீஸில் எழுதிய பெயர்கள், மேலிருந்து கீழாக. அவன் நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக வாசித்தான். இட்லி. தோசை. ஊத்தப்பம். பரோட்டா. நான்காவதில் ஒரு எழுத்தில் தடுக்கி, பின்வாங்கி, மறுபடி சொன்னான்.

கிளமெண்ட் கண்களை மூடிக்கொண்டார்.

"ம்" என்றார். "அதுக்கடுத்து?"

பலகையில் இன்னும் ஆறு வரிகள் இருந்தன. சுடலைமணி அடுத்த வரிக்குப் போனான்.